கண்ணாடி நூலுக்கு வரி. கொட்டகைக் கூலிக்கு என்ன?

(காரைக்காலில் ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரை)



கண்ணாடியை நூலாக இழுக்கலாம் என்றால் நம்மில் சிலர் சிரிப்பார்கள். ஆனால் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் கரையில் நிற்கும் பைபர் படகுகள் அந்த நூலால் ஆனவைதான். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை நம் கட்டுமரங்களை நொறுக்கிய பிறகு நிவாரணமாக வந்து குவிந்தவையும் இவையே.

நூற்பாலைத் தோழர்களுக்கு இந்த வேலை எளிதில் விளங்கும். மணல், சுண்ணாம்புக்கல், களிமண் வகைகளைச் சுமார் 1400 டிகிரி சூட்டில் உருக்குகிறார்கள். பிளாட்டினம் கலந்த தட்டிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே குழம்பு ஒழுகும்போது, வேகமாகச் சுழலும் உருளை அதைத் தலைமயிரைவிட மெல்லிய இழையாக இழுக்கிறது. இழைகளைச் சேர்த்துச் சுற்றியதற்கு, நம் பஞ்சாலையைப் போலவே, 'ரோவிங்' என்றுதான் பெயர். அதை நறுக்கிப் பாயாகப் பரப்பி, அச்சின்மேல் விரித்து, ரெசின் பிசினைப் பூசினால் படகு. காற்றாலை இறக்கையும் இந்தச் சரக்குதான்.

ஆனால் பஞ்சாலையைப் போல இதை இரவில் நிறுத்திக் காலையில் ஓட்ட முடியாது. மூட்டிய உலை ஆண்டுக்கணக்கில் எரிய வேண்டும்; அணைத்தால் உலையே பாழ். ஆகவே சந்தை மந்தமானாலும் சரக்கு வந்துகொண்டே இருக்கும். அதை எங்கேயாவது, என்ன விலைக்காவது தள்ளியாக வேண்டும். உலகச் சந்தையில் நடக்கும் விலைச்சண்டைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதை அதிகம் உற்பத்தி செய்யும் நாடு சீனா. அங்கிருந்து மலிவாக வந்து குவிகிறது என்ற முறையீட்டின்மேல் இந்திய சர்க்கார் 2010-ல் தற்காலிகமாகவும், 2011-ல் உறுதியாகவும் வரி போட்டது. 2016-ல் அதை நீட்டித்தது. உள்நாட்டுத் தொழில் என்று முறையிட்டவர்கள் யார்? ஒன்று கோவா கிளாஸ் பைபர். மற்றொன்று தலோஜாவில் ஆலை வைத்திருந்த ஓவன்ஸ் கார்னிங் - அமெரிக்கக் கம்பெனியின் கிளை! நல்ல சுதேசியம்!

ஐரோப்பிய யூனியனும் 2011-ல் சீன இழைக்கு வரி போட்டது. சீன ஜூஷி கம்பெனி எகிப்தில் சூயஸ் பக்கம் ஆலை கட்டி, எகிப்துச் சரக்காக அனுப்பியது. 2020-ல் அதற்கும் வரி வந்தது. வேலி போட்டால் மூலதனம் சுற்றுவழி பார்க்கும். பிரெஞ்சு ஆட்சி 1954-ல் விலகும்வரை நம் எல்லையிலும் சுங்கச் சாவடி நின்றது. சரக்கு எந்த வரப்பு வழியே நடந்தது என்று காரைக்காலாருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

வரியே கூடாது என்பதல்ல நமது வாதம். ஆலை மூடினால் தெருவில் நிற்பவன் தொழிலாளி. ஆனால் வரி விசாரணையில் ஆள் எத்தனை, கூலி எவ்வளவு என்று கணக்குக் கேட்பது எதற்கு? முதலாளியின் நஷ்டத்தை நிரூபிக்க! வரி கிடைத்த பின் அந்தக் கூலி ஏறியதா என்று எந்த இலாகா கேட்கிறது? பாய் விலை ஏறினால் மீனவர் தலையில் விழுகிறது. கொட்டகைக்காரர் அதைக் கூலியில் பிடிக்கப் பார்க்கிறார்.

வயலில் வேலையில்லாத மாதங்களில் படகுக் கொட்டகைக்குப் போகும் தோழர்களே, உங்களுக்குத் தெரியும்: இழைத்தூள் தோலில் குத்தி அரிக்கும், தொண்டை கமறும். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். 1948 சட்டப்படி மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை. 2025 நவம்பர் 21-ல் அமலான புதிய தொகுப்புச் சட்டம் அதை இருபதாக்கிவிட்டது. பத்தொன்பது பேர் மூச்சுத் திணறினால் அது தொழிற்சாலை அல்லவாம்!

வரிப் பாதுகாப்புப் பெறும் கம்பெனி, வேலைக்கும் கூலிக்கும் உத்தரவாதம் தர வேண்டும். சிறு கொட்டகைகளுக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நியாய விலையில் பாய் கிடைக்க வேண்டும். ஆள் எத்தனையானாலும் முகமூடி, கையுறை, காற்றோட்டம் வேண்டும். கடலோரக் கொட்டகைகளில் வேலை செய்வோரின் பெயர்களைச் சங்கத்தில் பதியும் வேலையை ஊர்க் கிளைகள் இந்த மாதமே தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.