தொடுகைக் கணக்கும் தாய்மொழியும்



குறளும் சிலம்பும் தமிழில் இருக்கட்டும். பொறியியல் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்பார் சிலர். அக்கூற்று மெய்யா பொய்யா என்பதைப் பொறியியலின் கடினமான கணக்கொன்றைக் கொண்டே ஆய்ந்து பார்ப்போம்.

தொடர்வண்டியின் உருளை தண்டவாளத்தின்மேல் நிற்கிறது. இரண்டும் எஃகு. ஆயினும் பொறை தாங்கும் இடத்தில் இரண்டும் சிறிதளவு அமுங்குகின்றன. பொறை நீங்கியதும் பழைய வடிவுக்கு மீள்கின்றன. இவ்வியல்பே மீள்மை. தொடும் பரப்போ ஒரு சிறு காசளவே. ஆங்கு எழும் அழுத்தம் மிகப் பெரிது. 2000-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆட்பீல்டு என்னுமிடத்தில், உருளைகளின் ஓயாத தொடுகையால் களைத்து வெடிப்புற்ற தண்டவாளம் உடைந்தது; வண்டி தடம்புரண்டு நால்வர் மாண்டனர். எனவே இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று, உயிர்காக்கும் கணக்கு.

இதற்கு முதல்வழி கண்டவர் செருமானிய அறிஞர் ஐன்ரிக்கு எர்ட்சு. கண்ணாடி வில்லைகள் ஒன்றையொன்று அழுத்துங்கால் வடிவம் எவ்வாறு மாறுமென 1881-இல் பெர்லினில் ஆய்ந்துரைத்தார். அன்று அவருக்கு அகவை 23. இரு உருண்டைகளை அழுத்தும் விசை 8 மடங்கானால், தொடுவட்டத்தின் விட்டம் 2 மடங்கே ஆகும். நடுவிலுள்ள அழுத்தமும் 2 மடங்கே ஆகும். ஆனால் தொடுபரப்புச் சிறிதாய், உராய்வற்று, வளைவு சீராய் இருந்தாலன்றி அவர் வாய்பாடு பொருந்தாது.

மற்றவற்றிற்கு எண்முறையே துணை. சிக்கல் யாது? தொடுபரப்புத் தெரிந்தால்தான் அழுத்தம் தெரியும். அழுத்தம் தெரிந்தால்தான் தொடுபரப்புத் தெரியும். இத்தாலிய அறிஞர் அந்தோனியோ சிக்நோரினி இம்முடிச்சை 1959-இல் தெளிவுற முன்வைத்தார். அவர்தம் மாணவர் கயேத்தானோ பிக்கேரா, தீர்வு உண்டென்பதை 1963-இல் நிறுவினார்.

கணிப்பொறி செய்வது இதுதான். பொருளைச் சிறுசிறு கூறுகளாகப் பகுக்கும். எந்தெந்தக் கணுக்கள் தொடுகின்றன என முதலில் கருதிக்கொண்டு தீர்வு காணும். தொடுவதாகக் கொண்ட இடத்தில் அழுத்தத்திற்கு மாறாக இழுவிசை தோன்றினால் அக்கணுவை விடுவிக்கும். விலகியதாகக் கொண்ட இடத்தில் ஒரு பொருள் மற்றொன்றினுள் புகுந்தால் அதனைத் தொடுகணுவாக்கும். பிழை தீரும்வரை இவ்வாறே திருத்தித் திருத்திச் செல்லும்.

ஒறுப்பு முறை என வேறொன்றும் உண்டு. இரு பொருள்களுக்கிடையே விறைப்பான சுருள்வில் இருப்பதாகக் கொண்டு, உட்புகுதலை அது எதிர்த்துத் தள்ளச்செய்வது. விறைப்புக் குறைந்தால் உட்புகுதல் எஞ்சும். அளவிறந்தால் கணிப்பு நிலைகுலையும். அளவறிந்து கொள்வதே அறிவு.

பெருமக்களே! இவற்றுள் எதனைச் சொல்லத் தமிழ் தடுமாறியது? எர்ட்சு தம் செருமன் மொழியில் எழுதினார். சிக்நோரினியும் பிக்கேராவும் தம் இத்தாலிய மொழியில் எழுதினர். உலகம் அவர்களைத் தேடிச்சென்று கற்றது.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. வகுப்பைத் தொடங்கினால் மட்டும் போதுமா? கலைச்சொற் பட்டியல் மட்டும் போதுமா? தொடுகைக் கணக்கை முதல்வரி தொட்டு முடிவு வரை தமிழிலேயே போட்டுக் காட்டும் நூல் வேண்டும். பொறியாளர் பொருள் தருக. புலவர் சொல் தருக. இருவரும் ஒருங்கிருந்து எழுதுக!

தமிழால் இயலாது என்பதும் ஒரு கருதுகோளே. ஆய்ந்தால் பிழையெனப் புலனாகும். பிழையெனக் கண்டபின் திருத்திக்கொள்வதே கணக்கறிந்தார் கடன்.

வெல்க தமிழ்!