ஆர்கிடும் ஐவியும்: ஒரே குடத்து நீர் இரண்டுக்கும் ஆகாது

(மலைப்பகுதி உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



காப்பித் தோட்டத்தின் ஓரத்திலோ வீட்டின் பின்புறத்திலோ சிறு நிழல்வலைக் குடில் அமைத்து அழகுச் செடிகள் வளர்க்கலாமா என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். அப்போது அடிக்கடி அடிபடும் பெயர்கள் இரண்டு. பூவுக்கு ஆர்கிட், தழை அழகுக்கு ஐவிக் கொடி. "இரண்டும் நிழலை விரும்புபவை, இரண்டும் மரத்தைப் பற்றி வளர்பவை. ஒரே குடிலில் வைத்து ஒன்றுபோலக் கவனித்தால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. போதாது. ஏன் என்பதை நான் பட்ட நஷ்டத்திலிருந்தே சொல்லுகிறேன்.

முதுநிலைப் பட்டப் படிப்பின்போது சமவெளியில் ஒரு நிழல்வலைக் குடில் என் பொறுப்பில் இருந்தது. ஒருபுறம் தேங்காய் மட்டைத் துண்டுகள் நிரப்பிய தொட்டிகளில் டென்ட்ரோபியம் ஆர்கிட். மறுபுறம் ஐவி. சித்திரை வெயிலில் ஐவியின் இலைகள் வெளிறி, ஓரம் காய்ந்து உதிரத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று நானே முடிவு கட்டி, காலையும் மாலையும் எல்லாத் தொட்டிகளிலும் குழாய் வைத்து ஊற்றினேன். ஆறு வாரத்தில் ஐவியும் பிழைக்கவில்லை. நன்றாக இருந்த ஆர்கிட் தொட்டிகளில் பாதிக்கு மேல் வேர் அழுகிப் போயின. பிறகுதான் ஐவி இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மெல்லிய வலையும் சிலந்திப்பேன்களும் இருந்தன. செடிக்கு வந்தது நோவு. நான் கொடுத்தது தண்ணீர்! எனக்குப் போனது செடி மட்டுமே. கடன் வாங்கிச் செடி வைத்தவருக்கு முதலே போயிருக்கும்.

வேரைப் பார்த்து வேலை செய்க

டென்ட்ரோபியம் ஒரு தொற்றுச் செடி. மரத்தின்மீது வாழ்ந்தாலும் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. ஆகவே அது புல்லுருவி அல்ல. அதன் வேர் காற்றில் தொங்குகிறது. வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்ணிற உறை உண்டு. மழையும் பனியும் படும்போது அந்த உறை நீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காற்றில் உலரும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடந்தால்தான் வேர் உயிரோடு இருக்கும்.

ஐவியின் இயல்பு வேறு. அதற்கு உங்கள் மிளகுக் கொடியையே உவமை சொல்லலாம். சவுக்கு மரத்தைப் பற்றும் மிளகின் கணுவேர்கள் பெரும்பாலும் பிடிமானத்திற்கே. உணவு தருவது மண்ணிலுள்ள வேர். ஐவியும் அப்படித்தான். தண்டிலுள்ள குட்டை வேர்கள் சுவரையும் மரப்பட்டையையும் பிடித்துக்கொள்ள மட்டுமே. நீரும் உரமும் அடிமண்ணுக்குத்தான் போய்ச் சேரவேண்டும்.

ஆர்கிடுக்கு மண் கூடாது. ஐவிக்கு மண் இல்லாமல் முடியாது. மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவையே.

தொட்டி நிரப்புதல்

ஆர்கிடுக்குப் பக்கவாட்டிலும் துளையுள்ள தொட்டியே ஏற்றது. கரித்துண்டு, ஓட்டுத்துண்டு ஆகியவற்றை மிகுதியாகவும், தேங்காய் மட்டைத் துண்டைக் குறைவாகவும் இடுக. மட்டை மட்டும் நிரப்பினால் ஈரம் தங்கும். நாளடைவில் மட்கி வேரை மூடிவிடும். நான் செய்த முதல் பிழை அதுவே.

ஐவிக்குச் செம்மண், மணல், மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து இடலாம். அடியில் வடிகால் துளை அவசியம்.

நீர்

ஆர்கிட் வேரின் நிறமே உங்களுக்கு அளவுகோல். வேர் வெள்ளியைப் போல் வெளுத்திருந்தால் நீர் தெளிக்கலாம். பச்சையாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, காத்திருங்கள். காலையில் தெளிப்பதே நல்லது. இரவில் இலைக் குருத்தில் நீர் தங்கினால் அழுகல் தொடங்கும். உப்பு மிகுந்த கிணற்று நீரைவிடச் சேமித்த மழைநீர் மேலானது. தொடர்மழைக் காலத்தில் குடிலின்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து மழையைத் தடுக்கவேண்டும்.

ஐவிக்கு விரலே அளவுகோல். மேல்மண் ஓர் அங்குலம் உலர்ந்த பின் நன்றாக ஊற்றி, மிகுதி நீர் வடியவிடுங்கள். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் நீர் தேங்கினால் ஐவியின் வேரும் அழுகும்.

தட்பவெப்பமும் நிழலும்

ஐவி ஐரோப்பாவின் குளிர்ந்த காடுகளுக்குரிய கொடி. உதகை, கொடைக்கானல் போன்ற உயர்ந்த இடங்களில் எளிதாக வளரும். சமவெளிக் கோடையில் தவிக்கும். டென்ட்ரோபியமோ வெப்பத்தையும் காற்றில் ஈரத்தையும் விரும்புவது. மலைக்குளிரில் வளர்ச்சி தடைப்படும். அதற்கு 50 சதவீத நிழல்வலை பொருந்தும். மிகுந்த நிழலில் இலை கரும்பச்சையாகச் செழிக்கும், பூ வராது. உயர்ந்த மலையில் ஆர்கிட்தான் வேண்டும் என்பவர்கள் குளிரைத் தாங்கும் சிம்பிடியத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே வாங்குமுன், 'என் ஊரின் குளிரும் வெயிலும் எதற்கு ஏற்றவை?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உரம்

ஆர்கிடுக்கு 19:19:19 போன்ற நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம், வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை தெளிக்கலாம். இடையில் வெறும் நீர் ஊற்றித் தங்கிய உப்பைக் கழுவிவிடுக. ஐவிக்கு மாதம் ஒரு கைப்பிடி மட்கிய உரம் போதுமானது.

நோயும் பூச்சியும்

ஐவிக்குப் பகை சிலந்திப்பேன். வறண்ட வெயிலில் பெருகும். வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். கண்டவுடன் இலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுக. தீராவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

ஆர்கிடுக்குப் பகை அழுகல். அழுகிய வேரை, தீயில் காட்டி ஆறிய கத்தியால் வெட்டி நீக்கி, சில நாள் நீரை நிறுத்தி, புதிய கரித்துண்டில் மாற்றி வையுங்கள். செம்புக் கலவை மருந்துகளை டென்ட்ரோபியத்திற்குப் பயன்படுத்தாதீர்கள், தளிர் கருகும்.

பெருக்கமும் வருமானமும்

ஐவியின் நுனித்தண்டை 10 முதல் 15 செ.மீ. நீளத்தில் வெட்டி நட்டால் சில வாரங்களில் வேர்விடும். ஒரு தாய்க்கொடி இருந்தால் நாற்றுக்குக் காசு செலவில்லை. ஆனால் வெட்டும்போது கையுறை அணிக. அதன் சாறு சிலருக்கு அரிப்பை உண்டாக்கும். இலையும் கனியும் நஞ்சு. குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். விரிசல் விழுந்த சுவரிலும், மிளகு ஏறிய மரத்திலும் ஐவியை ஏற்றவேண்டாம்.

ஆர்கிட் விதை தூசிபோல் நுண்ணியது. நம் பாத்தியில் முளைக்காது. திசு வளர்ப்பு நாற்றைத்தான் வாங்கவேண்டும். சிறு நாற்று பூக்க ஓரிரு ஆண்டு ஆகும். அதுவரை செலவு மட்டுமே. காட்டு ஆர்கிடைப் பிடுங்கி வந்து வளர்க்க முயலாதீர்கள். அது காட்டுக்கும் கேடு, செடியும் பெரும்பாலும் பிழைக்காது. நம் நாட்டு ஆர்கிட் வகைகளைக் காண விரும்புவோர், ஏற்காட்டில் 1963-இல் தொடங்கப்பட்ட தேசிய ஆர்கிட் பூங்காவைப் பார்த்து வரலாம்.

எனவே முதல் ஆண்டில் இருபது தொட்டிக்கு மேல் போகாதீர்கள். பூவை யார் வாங்குவார், என்ன விலைக்கு என்று விசாரித்த பிறகே குடிலைப் பெரிதாக்குங்கள். இரண்டையும் வளர்ப்பதானால் வேறு வேறு வரிசையில் வைத்து, வேறு வேறு நேரத்தில் நீர் விடுங்கள்.

பெருமக்களே, இலை வாடினால் கை தானாகவே குடத்தைத் தேடும். அந்தக் கையைச் சற்று நிறுத்தி, முதலில் இலையைத் திருப்புங்கள், வேரைப் பாருங்கள், மண்ணைத் தொடுங்கள். தண்ணீர் அதற்குப் பிறகு. நான் நாற்பது தொட்டியில் கற்ற பாடத்தை நீங்கள் செலவில்லாமல் எடுத்துச் செல்லுங்கள்.