சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள்



1975ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் இருவர் ஒரு சங்கம் கண்டனர். ஒருவர் லக்கோட்டா குடியில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் பார்பரா கேமரன். மற்றவர் வட பையூட் குடியினரான ராண்டி பர்ன்ஸ். இருவரும் தற்பால் ஈர்ப்பினர். அமெரிக்கத் தொல்குடியினருள் தம்மைப் போன்றோருக்கென அந்நாட்டில் எழுந்த முதற்சங்கம் அது.

தொல்குடியினரை ஒதுக்கு நிலங்களினின்று பெருநகரங்களுக்குக் குடிபெயரத் தூண்டி 1956இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றியது. வந்த இடத்தில் ஊருமில்லை, உறவுமில்லை. தற்பால் ஈர்ப்பினர்க்கோ தனிமை இரட்டிப்பு. சொந்த இனத்தாரிடையே ஒரு முகத்தை மறைக்க வேண்டும். வெள்ளையர் மிகுந்த கேளிக்கை விடுதிகளில் மற்றொரு முகம் இகழப்படும். எனவே, சங்கத்தின் முதல் நாட்டம் அரசியலன்று; தம்மவரைக் கண்டு, உடனிருந்து, சிரித்து மகிழ்வதே. சிரிப்பதற்கும் ஒரு சங்கமா எனச் சிலர் வினவக்கூடும். இரு முகங்களையும் ஒரே அறையில் காட்ட இயலாதவரே அதன் அருமையை அறிவர்.

அந்தக் கூட்டுறவே நூலாயிற்று. 1988இல் வில் ராஸ்கோ பதிப்பித்த 'லிவிங் த ஸ்பிரிட்' என்னும் தொகைநூலில் சங்கத்தார் கவிதை, கதை, கட்டுரைகளை ஒருங்கே தந்தனர். ஆண், பெண் என்னும் இரண்டிலும் அடங்காதோர்க்கு இடமளித்த நூற்றுக்கும் மேற்பட்ட குடிகளின் பட்டியலும் அதில் உண்டு. கவிதைக்கு நிகரான பக்கங்கள் அவை! அதே ஆண்டில், அந்நகரிற் பிறந்த மெனாமினிக் கவிஞர் கிரிஸ்டோஸ் தம் நூலுக்கு 'மறைந்துவிடவில்லை' எனப் பொருள்படும் பெயரிட்டார். எய்ட்ஸ் நோய் நண்பர்களைக் கொண்டுபோன காலம் அது. நோயுற்றோரைப் பேணும் பணியையும் சங்கம் மேற்கொண்டது.

பெயரும் ஒரு வழக்காகவே இருந்தது. மானிடவியலார் இவர்களுக்கு வழங்கிய சொல், சிறைப்பட்டவன் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லினின்று பிறந்தது. 1990இல் கனடாவின் வின்னிபெக் நகரில் கூடியோர் அதனை விலக்கி, 'ஈருயிரர்' எனப் பொருள்படும் பெயரைத் தாமே சூடிக்கொண்டனர்.

1999இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அப்பெயரைத் தாங்கிய மற்றோர் அமைப்புத் தோன்றியது. 2012இல் அது 'பவ்வாவ்' என்னும் முரசும் ஆடலும் கலந்த பெருவிழாவை அனைவர்க்கும் திறந்துவைத்தது. பிற விழாக்களில் ஆடவர் ஆடல், மகளிர் ஆடல் என வகுத்திருப்பர். இங்கோ அவரவர் விரும்பிய ஆடலை அவரவர் ஆடலாம். பாட்டியர் முதல் மழலையர் வரை வந்து கண்டனர்.

பார்பரா கேமரன் அதனைக் காணவில்லை, 2002இல் மறைந்துவிட்டார்.