பளு தூக்குவோரைப் படம் எடுத்தல்



குன்னத்துகால், காரக்கோணம், பாறசாலை, கேரள எல்லைக்கு அப்பால் களியக்காவிளை, மார்த்தாண்டம் என நம்மவர் வாழும் ஊர்களிலெல்லாம் கடைத்தெரு மாடிகளில் ஜிம்கள் தோன்றி, பகலெல்லாம் உழைத்துவிட்டு வரும் இளைஞர்களும் அண்மைக் காலமாகப் பெண்களும் மாலை வேளையில் அங்கே பளு தூக்கிப் பழகுவதும், அந்தப் பிரயத்தனத்தைப் படமாக்கிப் பிறருக்குக் காட்ட விரும்புவதும் சகஜமாகிவிட்டபடியால், அத்தகைய படத்துக்கு ஒளியை எவ்விதம் அமைப்பது, எந்தக் கணத்தில் படம் பிடிப்பது என்பவற்றைக் குறித்து இன்று பேச விழைகிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பளு தூக்குகிறவரின் படத்தில் முதலாவதாகத் தெரிய வேண்டியது பளு; தேகத்தின் அழகும் இடத்தின் அலங்காரமும் அதற்குப் பிற்பட்டவை.

நம் ஜிம்களில் கூரை முழுவதும் வரிசையாக டியூப் லைட்டுகள் எரிகின்றன. சுவர் முழுவதும் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சீராக ஒளி வந்து விழுவதால், ஆண்டுக்கணக்கான அப்பியாசத்தால் திரண்ட தோளும் முதுகும் படத்தில் தட்டையாகிவிடுகின்றன. ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் சாய்ந்து விழும் வெயிலில், பால்வெட்டினால் மரப்பட்டையில் ஏற்பட்ட ஒவ்வொரு கோடும் துலக்கமாகத் தெரிவதையும், அதே மரம் உச்சி வேளையில் வெறும் கம்பம் போல் நிற்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மனித சரீரத்துக்கும் இதே நியதிதான். ஆகையால், உரிமையாளரின் அனுமதி பெற்றுக் கூரை விளக்குகளில் பெரும்பாலானவற்றை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கை வீரருக்குப் பக்கவாட்டில், சற்றே பின்னால் தள்ளி வையுங்கள். அதன் முன் ஒரு வெள்ளை வேட்டியை, விளக்கின் சூடு படாத தூரத்தில் கட்டித் தொங்கவிட்டால் வெளிச்சம் மென்மையாகும். மறுபக்கத்து இருளைக் கண்டு அஞ்சி இன்னொரு விளக்கை ஏற்ற வேண்டாம். மிகவும் இருண்டால் ஒரு தெர்மாகோல் அட்டையைத் தூரத்தில் நிறுத்துவதே போதும். விளக்கின் உயரத்தையும் கவனியுங்கள். ராடு தலைக்கு மேலே ஏறியபின், மேலிருந்து விழும் ஒளி கைகளின் நிழலை முகத்தின்மேல் வீழ்த்தும். முகமே பளுவின் கனத்தைச் சொல்லும் உறுப்பாகையால், விளக்கு நெஞ்சுயரத்துக்குச் சற்றே மேலே இருப்பது உசிதம்.

நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகப் புகழ் பெற்றிருந்த பயில்வான் யூஜின் சாண்டோ, பளிங்குச் சிலை போலத் தோன்றுவதற்காக உடம்பில் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு நிற்பது வழக்கம். பிற்காலத்தில் கோடாக் கம்பெனி புகைப்படம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டை என்னும் மாதிரிப் படத்தில் இருந்தவளும் வெள்ளைக்காரப் பெண்ணே; அவளுடைய சருமத்தை அளவுகோலாகக் கொண்டு உலகத்தாரின் முகங்களெல்லாம் நெடுங்காலம் அச்சாயின. நம் கருநிறத் தேகமோ, வியர்வையும் எண்ணெயும் படிந்திருக்கையில் ஒளியைப் பிரதிபலித்து, சதையின் மேடுபள்ளங்களை வெளிர்நிறத் தேகத்தைவிடத் தெளிவாகக் காட்டுவது. இந்தப் பாக்கியத்தை விட்டுவிட்டு, வெளுப்பாக்கும் ஃபில்டரைப் போட்டுப் பிள்ளைகளின் நிறத்தை மாற்றுவது அவர்களை அவமதிப்பதாகும் என்றே நான் கருதுகிறேன். கேமரா, தானாக ஒளியைக் கணக்கிடும்போது, எதிரே உள்ள யாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயலும். பின்புறம் கறுப்புத் துணியிருந்தால் உடல் வெளிறிப்போகும், வெள்ளைச் சுவரிருந்தால் உடல் கரிய நிழலாகிவிடும். தோளின்மேல் விழும் ஒளியை மட்டும் அளந்து, அதற்கேற்ப நீங்களே நிர்ணயம் செய்யுங்கள்.

டியூப் லைட்டையே நம்பி எடுக்க நேர்ந்தால் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டதாதலால், அத்தகைய விளக்குகள் பலவும் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டர் வேகத்தை 1/500 என்று வைத்தால் படத்தின் குறுக்கே பட்டை விழும். ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும் வரும். 1/100 அல்லது 1/50 வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் விரைந்த அசைவு கலங்கிவிடும்.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் பளுதூக்குதலுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்நாட்ச் முறையில் ராடு தரையிலிருந்து தலைக்குமேல் போவது கண்ணிமைக்கும் நேரம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நிச்சலனமான கணங்கள் உண்டு. குனிந்து ராடைப் பற்றி மூச்சை அடக்கும் கணம் ஒன்று; கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் பளுவைத் தோளில் தாங்கி நிமிர்ந்து நிற்கும் கணம் ஒன்று; தலைக்குமேல் உயர்த்தி, இறக்கலாம் என்னும் நடுவரின் சைகைக்காகக் காத்திருக்கும் கணம் ஒன்று. இவற்றில் எனக்கு மிகவும் உகந்தது தோளில் தாங்கும் கணம். ராடின் இரு முனைகளும் பாரத்தால் கீழே வளைவதும், கழுத்து நரம்பு புடைப்பதும் அப்பொழுதுதான் ஒருங்கே தெரியும். இடுப்புயரத்தில் கேமராவை வைத்து, முன்புறமாகச் சற்றே கோணத்தில் நில்லுங்கள். நேர் பக்கவாட்டில் நின்றால், 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிளேட், குனிந்திருப்பவரின் முகத்தை மறைத்துவிடலாம்.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014-ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ பிரிவில் 149 கிலோவை ஸ்நாட்ச் முறையிலும் 179 கிலோவைக் கிளீன் அண்ட் ஜெர்க் முறையிலும் தூக்கி, மொத்தம் 328 கிலோவுடன் தங்கம் வென்றார். இத்தகைய பளுவின் கனத்தைப் படத்தில் சொல்வது பிளேட்டின் நிறம். போட்டிகளில் 25 கிலோ பிளேட் சிவப்பு, 20 நீலம், 15 மஞ்சள், 10 பச்சை என்பது விதியாதலால், விஷயம் தெரிந்தவர் நிறங்களைப் பார்த்தே எத்தனை கிலோ என்று கணக்கிட்டுவிடுவார். ஊதாவும் சிவப்புமாக வண்ண விளக்குகளைப் போடுகிறவர்கள் இந்தச் சாட்சியத்தை அழித்துவிடுகிறார்கள். நம் ஊர் ஜிம்களில் பிளேட்டுகள் பெரும்பாலும் கறுப்பு இரும்பு. அவற்றில் புடைத்திருக்கும் எண்களின்மேல் ஒளி சாய்ந்து விழட்டும்.

திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் இளவட்டக்கல் போட்டிக்குப் போக நேர்ந்தால், எண்ணும் நிறமும் இல்லாத அந்த உருண்டைக் கல்லின் கனத்தைக் கைவிரல்கள் மாத்திரமே சொல்லும் என்பதை நினைவில் வைத்து, கல் நெஞ்சை நோக்கி ஏறும்போது விரல்கள் தெரியும்படி, வெயிலைப் பக்கவாட்டில் விட்டு நில்லுங்கள்.

மழைக்காலத்தில் ஏ.சி. அறையிலிருந்து கேமராவை எடுத்துக்கொண்டு நேரே ஈரப்பதம் மிகுந்த ஜிம்முக்குள் நுழைந்தால் லென்ஸ் பனித்துப் போகும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியில் வைத்திருங்கள்.

இனிச் சொல்வது யாவற்றிலும் முக்கியமானது. ஒளியைச் சரிபார்க்க வெறும் ராடையோ மிக இலேசான பளுவையோ தூக்கச் சொல்லுங்கள். உச்சபட்சப் பளுவை, படம் சரியாக வரவில்லை என்னும் ஒரே காரணத்துக்காக, இன்னொரு முறை தூக்கும்படி ஒருபோதும் கேளாதீர்கள். களைத்த உடம்பு படத்துக்காகப் பாரம் சுமக்கையில் முதுகுக்கும் தோளுக்கும் ஆபத்து நேரக்கூடும். இலேசான போலிப் பிளேட்டை மாட்டிப் படம் எடுப்பதும் தகாது. பொய்ப் பளுவைத் தாங்கும் முகத்தில் மெய்யான முயற்சி பிறப்பதில்லை. ஒயர்களை மேடைக்குக் குறுக்கே இழுக்காதீர்கள். ஃபிளாஷ் உபயோகிப்பதானால் வீரரின் பார்வை செல்லும் திசையிலிருந்து அடிக்காமல், பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ, அதுவும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அடியுங்கள். போட்டி மேடையில் ஃபிளாஷே வேண்டாம்.

எடுத்த படத்தை முதலில் அந்த வீரருக்கோ வீராங்கனைக்கோ காட்டுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவரானால் தாய் தகப்பனாருக்கும் காட்டுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் வெளியிடுங்கள். வேண்டாமென்றால், எவ்வளவு சிறந்த படமானாலும், அவர்கள் எதிரிலேயே அழித்துவிடுங்கள்.