ஒலிப்பெட்டி வியாபாரத்தில் ஓர் யோக்கியர்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது ஒரு வியாபாரியைப் பற்றியாகும். காலஞ்சென்ற ஒரு வியாபாரியை நினைத்துப் பேச ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றலாம். வியாபாரி என்றாலே உள்ளதற்குமேல் சொல்லி விற்பவன் என்பதுதான் உலக எண்ணமாயிருக்கிறது. ஆனால், தன் சரக்கைத் தானே பரீட்சைக்கு விட்டு, அதன் முடிவை ஊரறியச் செய்த வியாபாரி ஒருவர் இருந்தாரென்றால், அவரைப் பற்றிப் பேசுவது வீண் வேலையாகாது.

அவர் இங்கிலாந்து தேசத்துப் பீட்டர் வாக்கர் என்பவர். 1916-ல் பிறந்து 2003-ல் காலமானார். 1936-ல் லண்டனில் ஆம்பிளிபயர் செய்து விற்கும் சிறு கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். யுத்த காலத்தில் அவரது தொழிற்சாலை குண்டு வீச்சுக்கு ஆளாகவே, 1941-ல் ஹண்டிங்டன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்துதான் ‘குவாட்’ என்ற பெயருள்ள சாமான்கள் பல தேசங்களுக்கும் போயின. வசதியுள்ளவர்கள் வாங்கக்கூடிய உயர்ந்த ரகச் சாமான்களே அவை. ஏழைக்கு மலிவாய் விற்ற தர்மப் பிரபு என்று அவரை நாம் புகழ வரவில்லை.

அவர் எதற்காக விலை வாங்கினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1957-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்பீக்கரில் காகிதக் கூம்பும் இல்லை, மரப்பெட்டியும் இல்லை. துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவில் மிக மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒன்றை இழுத்துக் கட்டி, அதற்கு உயர்ந்த மின் அழுத்தம் கொடுத்தார். பாட்டின் மின்சாரம் தகடுகளில் ஏறி இறங்கும்போது ஏடு முன்னும் பின்னும் அசைந்து ஓசை உண்டாக்குகிறது. இதற்கு அடுத்த ஸ்பீக்கருக்கான வேலையை 1963-ல் தொடங்கியவர் அதை 1981-ல்தான் விற்பனைக்கு விட்டார். பதினெட்டு வருஷம் கையில் வைத்துச் சீர்செய்த பின்பே கடைக்கு அனுப்பினார். இப்படிப்பட்ட உழைப்புக்கு விலை கேட்பதை நாம் குற்றமென்று சொல்ல மாட்டோம்.

ஆனால் இந்த வியாபாரத்தில் நடப்பதெல்லாம் இப்படித்தானா? இல்லவே இல்லை. ஸ்பீக்கருக்குப் போகும் செம்புக் கம்பியை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் கனமும் நீளமும் வேலைக்குத் தக்கபடி இருந்தால் போதும். அப்படியிருக்க, அதற்குப் பட்டு உறை போட்டு, புரியாத பத்துப் பெயர் வைத்து, ஒரு குடும்பம் ஒரு வருஷம் சாப்பிடும் பணத்துக்கு விற்கிறார்கள். மந்திரித்த கயிறு விற்பவனுக்கும் இவர்களுக்கும் என்ன பேதம்? அவனாவது சில்லறைக் காசோடு விடுவான்!

வாங்கினவர், “எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லையே” என்று கேட்டால் என்ன பதில் வருகிறது? “உமக்கு அவ்வளவு நுட்பமான காது இல்லை” என்கிறார்கள். தோழர்களே! மோசம் முழுவதும் இந்த ஒரு பதிலில்தான் அடங்கியிருக்கிறது. சரக்கின் யோக்கியதையைக் கேட்டால் கேட்டவனுடைய யோக்கியதையைக் குறைத்துப் பேசுவதும், தங்களுக்கு மட்டும் பிறவியிலேயே உயர்ந்த காது வாய்த்திருப்பதாகச் சொல்லிக் கொள்வதும், அதைப் பரீட்சிக்கக் கூப்பிட்டால் கோபித்துக் கொள்வதும் நமக்குப் புதிய சங்கதியா? வேறு எத்தனையோ இடங்களில் நாம் கண்டு சலித்ததல்லவா?

வாக்கர் இதற்கு நேர்விரோதமாய் நடந்தார். 1953-ல் செய்த வால்வு ஆம்பிளிபயர் ஒன்று, 1967-ல் செய்த டிரான்சிஸ்டர் ஆம்பிளிபயர் ஒன்று, 1975-ல் வந்த புதுமாதிரி ஒன்று, ஆக மூன்றையும் ஜேம்ஸ் மோயர் என்ற நிபுணரிடம் ஒப்புவித்து, எது வாசிக்கிறதென்று கேட்பவர்களுக்குத் தெரியாதபடி மாற்றி மாற்றி வாசித்துப் பார்க்கச் செய்தார். குருட்டாம்போக்கில் சொல்வதற்கு மேலாக ஒருவராலும் வித்தியாசம் கண்டு சொல்ல முடியவில்லை. இந்த முடிவு 1978-ல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்ற பத்திரிகையில் வெளியாயிற்று.

இதன் அர்த்தம் என்ன? இருபத்திரண்டு வருஷத்துப் பழைய சாமான் வைத்திருப்பவர், ஓசைக்காகப் புதிது வாங்க வேண்டியதில்லை என்பதுதானே! புதிது விற்றுப் பிழைக்கும் வியாபாரி ஒருவர் இதை வெளிவரச் செய்தாரென்றால், அவருக்கு லாபத்தைவிட உண்மையிடம் எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்!

அற்புதக்காரர்களைப் பரீட்சிப்பதையே வேலையாகக் கொண்டிருந்த அமெரிக்கர் ஜேம்ஸ் ராண்டி என்பவர், 7,000 டாலருக்கு மேல் விலையுள்ள ஸ்பீக்கர் கம்பியை விலை குறைந்த கம்பியிலிருந்து, கண்ணால் பாராமல் காதால் மட்டும் பிரித்துச் சொல்பவருக்குப் 10 லட்சம் டாலர் தருவதாக 2007-ல் அறிவித்தார். உயர்ந்த காதுக்காரர் ஒருவரும் அந்தப் பரிசை வாங்கிப் போகவில்லை.

ஆகவே தோழர்களே, பாட்டுக் கேட்க வேண்டாமென்றோ, நல்ல சாமான் வாங்க வேண்டாமென்றோ நாம் சொல்லவில்லை. மனிதனுக்குச் சந்தோஷம் அவசியமானதே. ஆனால், கடைக்குப் போகும்போது இரண்டு காரியம் கேளுங்கள். ஒன்று, இரண்டு சாமான்களையும் ஒரே அளவு சத்தத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். ஏனெனில், சற்றே உரக்க வாசிப்பது எதுவோ அதுவே உயர்ந்ததாய்த் தோன்றும். இரண்டு, இரண்டையும் திரைக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். சம்மதிக்கிற வியாபாரியிடம் பேரம் பேசுங்கள். “உமக்குக் காது போதாது” என்கிறவரிடம், “உமது சரக்குப் போதாது” என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பீட்டர் வாக்கருக்குப் படம் வைத்து மாலை போடுவதைவிட, நம் காதை நாமே நம்பிப் பரீட்சித்துப் பார்க்கும் இந்த வழக்கத்தைக் கைக்கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.