நீர்க்கடுப்பும் மருந்தும்



கூச்சத்தினால் வெளியில் சொல்லப்படாத நோய்கள் சில உண்டு. நீர்க்கடுப்பு அவற்றுள் ஒன்று. கோடையில் நீர் குறைவாகப் பருகியதால் உண்டாகும் எரிச்சல், நீரும் மோரும் தாராளமாகப் பருகினால் தணிந்துவிடும். ஆனால் அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதலும், கழிக்கையில் எரிச்சலும், அடிவயிற்று வலியும் சேர்ந்து வருமாயின், சிறுநீர்ப்பையில் கிருமி புகுந்துவிட்டதென்று ஐயுறவேண்டும். பெரும்பாலும் அது ஈ. கோலை என்னும் கிருமியே. 1885ஆம் ஆண்டில் தியோடோர் எஷெரிக் என்னும் மருத்துவர் இதனை விவரித்தார். குடலில் தீங்கின்றி வாழும் இக்கிருமி, சிறுநீர்ப்பையை அடைந்தால் நோய் செய்கிறது. பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை நீளம் குறைந்தது. ஆதலின் அவர்களிடையே இந்நோய் மிகுதி.

நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றியபோது, கல்லூரி மாணவி ஒருத்தி காய்ச்சலும் குளிர்நடுக்கமும் விலாப்புற வலியுமாக வந்தாள். எரிச்சல் தொடங்கி ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. கூச்சத்தால் மருத்துவரை நாடாமல், விடுதித் தோழியிடம் மிஞ்சியிருந்த நான்கு மாத்திரைகளை வாங்கி விழுங்கியிருந்தாள். "அவளுக்குக் குணமாயிற்றே டாக்டர், எனக்கு ஏன் ஆகவில்லை?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அம்மாத்திரை நைட்ரோபியூரன்டாயின், 1953 முதல் வழக்கில் உள்ள மருந்து. இது இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. விரைவாகச் சிறுநீரில் இறங்கி அங்கே செறிகிறது. ஆகவே சிறுநீர்ப்பையில் உள்ள கிருமியை அழிக்க வல்லது. சிறுநீரகத்தின் சதைக்குள் ஏறிவிட்ட கிருமியை அழிக்க வல்லதன்று. தோழியின் நோய் கீழே நின்றது. இவள் நோயோ மேலே ஏறிவிட்டது. மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஊசி மருந்துகளால் தேறினாள்.

நைட்ரோபியூரன்டாயினைப் பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம் வீதம், நாளுக்கு இருவேளை, 5 நாட்கள் உணவோடு உட்கொள்ளச் சொல்வோம். சிறுநீர் பழுப்பு நிறமாகலாம், அஞ்ச வேண்டுவதில்லை. பாஸ்போமைசின் என்னும் மருந்தை 3 கிராம் ஒரே வேளையாகக் கொடுப்பதும் உண்டு. எரிச்சல் தணியக் கொடுக்கும் சிட்ரேட் திரவமோ, கிருமியைக் கொல்லாது. எரிச்சல் தணிந்ததும் நோய் நீங்கிற்றென்று எண்ணி, மருத்துவர் குறித்த நாட்களுக்கு முன்னரே மாத்திரையை நிறுத்துவது தவறு. கருவுற்றவர்க்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்க்கும், ஆண்களுக்கும் சிகிச்சை வேறுபடலாம். ஆதலால் ஒருவர் மருந்து மற்றவருக்கு ஆகாது.

மேலும், வேண்டாத இடத்திலும் அரைகுறையாகவும் உண்ட மருந்துகளால், அவற்றை எதிர்த்து வாழக் கிருமிகள் பழகிவிட்டன. முன்பு நன்கு பயன்பட்ட சிப்ரோபிளாக்சசின் இன்று நம் நாட்டில் பலருக்குப் பயன்படுவதில்லை. சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால், எம்மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது இரண்டு மூன்று நாட்களில் தெரிந்துவிடும்.

கழிப்பிடம் தூய்மையாக இல்லையென்று நாள் முழுதும் நீர் அருந்தாமலும் சிறுநீரை அடக்கியும் இருக்கும் மாணவியர் பலரை நான் கண்டிருக்கிறேன். தூய கழிப்பிடம் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். எரிச்சல் வந்தாலோ, தாயிடமோ மருத்துவரிடமோ முதல் நாளே சொல்லுங்கள். அந்த மாணவி முதல் நாளே சொல்லியிருந்தால், அதே மாத்திரை அவளையும் குணப்படுத்தியிருக்கக் கூடும்.