கோமாளிகள் பேசிய தமிழ்

ஒரு நகைச்சுவைப் படத்தைப் பற்றிச் சிறிது நேரம் உங்களோடு பேச வந்திருக்கிறேன். அது அறிஞர் அவையில் போற்றப்பட்ட படம் அன்று. 1976ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே எடுக்கப்பெற்று வெளிவந்த 'கோமாளிகள்' என்னும் தமிழ்ப் படமே அது. முதன்முறை அதைக் கண்டபோது நான் இகழ்ந்தேன். இகழ்ந்த நானே பின்னர் எவ்வாறு அதன்மேல் அன்பு கொண்டேன் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இளைய நேயர்களுக்காக ஒரு சிறு முன்னுரை கூறவேண்டும். இந்தப் படம் திரையில் பிறந்ததன்று, வானொலியில் பிறந்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வர்த்தக சேவையில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்றொரு தொடர் நாடகம் ஒலிபரப்பாகி வந்தது. அதனை எழுதியவர் எஸ். ராமதாஸ். மரிக்கார் என்ற பாத்திரத்தை ஏற்று அவர் முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசினார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகி யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலி என்னும் சிங்களவராகிச் சிங்கள வாடை வீசும் தமிழ் பேசினார். பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகிப் பிராமணத் தமிழ் பேசினார். நால்வரும் ஓரிடத்தில் கூடிவிட்டால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு வேறாக விளங்கும். வேறாக விளங்கியதற்கு வேறொருவர் விடை சொல்வார். நாடகத்தின் நகை முழுவதும் இந்தத் தடுமாற்றத்தில் விளைந்ததே.

அந்நாளில் எங்கள் குடும்பம் றக்வானைக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருந்தது. மேலே மலைச்சரிவில் தேயிலை, கீழே இறப்பர். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. அம்மா கொழுந்து பறித்தார். எங்கள் லயத்தில் ஒரே ஒரு காம்பராவில்தான் வானொலிப் பெட்டி இருந்தது. நாடகம் தொடங்கும் வேளையில் அந்தப் பெட்டி இஸ்தோப்புக்கு வந்துவிடும். மண்ணெண்ணெய் விளக்கைச் சூழ்ந்து பெரியோரும் சிறியோரும் அமர்வார்கள். நாள் முழுதும் மழையில் நனைந்து அட்டைக்கடி பட்டு வந்தவர்கள், மரிக்கார் வாய் திறந்ததும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அது பஞ்ச காலத்தை அடுத்து வந்த காலம். 1973, 1974ஆம் ஆண்டுகளில் மாவும் அரிசியும் கிடையாமல் தோட்டங்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள், அந்தச் சிரிப்பின் அருமையையும் அறிவார்கள்.

படம் வெளிவந்தபோது நான் கொழும்பில் உயர்கல்வி கற்றுக்கொண்டிருந்தேன். படித்தவன் என்ற செருக்கு மிகுந்திருந்த பருவம் அது. நண்பர்கள் சிலர் சேர்ந்து நல்ல படங்களைத் தேடிப் பார்ப்போம். சத்தியஜித் ராயின் வங்காளப் படங்களை வியப்போம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963ஆம் ஆண்டில் எடுத்த 'கம்பெரலிய' புது டில்லி விழாவில் தங்க மயில் விருது பெற்றதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவோம். சிங்களத்தில் இத்தகைய படங்கள் வரும்போது தமிழில் வரவில்லையே என்ற ஏக்கமும் எங்களுக்கு உண்டு.

அந்த ஏக்கத்தோடு 'கோமாளிகள்' பார்க்கச் சென்றோம். வெளியே வந்து தேநீர்க் கடையில் அமர்ந்து அதைக் கிழித்துப் போட்டோம். இது படமன்று, வானொலி நாடகத்தைப் படம்பிடித்து வைத்தது என்றார் ஒருவர். கமெரா ஓரிடத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது என்றார் மற்றொருவர். பிறர் பேசும் தமிழைக் காட்டிச் சிரிக்கவைப்பது மலிவான சரக்கு என்றேன் நான். கலைப்படமே கலை என்று கொண்ட விமர்சகர்கள் அந்நாளில் இத்தகைய படங்களுக்கு வைத்திருந்த அளவுகோலும் இதுவே. அந்தக் குறைகள் பொய்யான குறைகள் அல்ல. இன்று கேட்டாலும் அவற்றை நான் மறுக்கமாட்டேன்.

அடுத்த விடுமுறையில் வீட்டுக்குச் சென்றேன். சம்பளம் போட்ட மறுநாள், லயத்தார் ஒரு வேன் பிடித்து இரத்தினபுரிக்கு அதே படத்தைப் பார்க்கப் புறப்பட்டார்கள். அப்பா என்னையும் அழைத்தார். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன், நன்றாக இல்லை என்று சொன்னேன். "நீ பாத்தது வேற, நாங்க பாக்கப் போறது வேற, வா தம்பி" என்றார். வேண்டாவெறுப்பாய் வேனில் ஏறினேன்.

அவர் சொன்னது உண்மையாயிற்று. ராமதாஸ் திரையில் தோன்றியபோது கொட்டகை சும்மா இருந்தது. யாருக்கும் அவர் முகம் தெரியாது. அவர் முதற்சொல்லைச் சொன்னார். "மரிக்கார்!" என்று நாலா பக்கமும் கூவல் எழுந்தது. எத்தனையோ மாலைப்பொழுதுகளில் தங்கள் இஸ்தோப்புக்கு வந்துபோன மனிதரை அன்றுதான் அவர்கள் நேரில் காண்கிறார்கள். அப்புக்குட்டி வந்தபோதும் அப்படியே, உபாலி வந்தபோதும் அப்படியே. ஒரு கிழவி எழுந்து நின்று, "இவருதானா அது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். கமெரா ஓரிடத்தில் நிற்கிறது என்று நாங்கள் குறைகூறினோம் அல்லவா? அவர்களுக்கு அது குறையாகவே படவில்லை. பேசுகிறவரின் வாயையும் முகத்தையும் ஆசைதீரப் பார்ப்பதற்குத்தானே அவர்கள் வந்தார்கள்! கண்ணால் அளந்து நாங்கள் தள்ளிய படத்தை, அவர்கள் காதால் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது இரவாகிவிட்டது. எனக்குள் ஒரு குறை மட்டும் தீரவில்லை. அப்பாவிடம் சொன்னேன்: "எல்லார் பேச்சும் படத்துல இருக்கு. நம்ம தோட்டத்துப் பேச்சு மட்டும் இல்லையேப்பா." நால்வரில் ஒருவரேனும் மலைநாட்டுத் தோட்டத் தமிழைப் பேசவில்லை என்பது மெய்தான். இந்நாட்டில் 35 மில்லிமீற்றரில் எடுக்கப்பெற்ற முதல் தமிழ்ப் படத்துக்கு 1963ஆம் ஆண்டில் 'தோட்டக்காரி' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் நாடே சேர்ந்து சிரிக்கும் இடத்தில் தோட்டத்தானுக்கு ஒரு நாற்காலி இல்லை என்று எனக்கு வருத்தம்.

அப்பா சற்று நேரம் பேசாமல் வந்தார். பிறகு, "ஏன் இல்ல? அந்த உபாலி பேசுறதக் கேட்டியா? நான் றக்வானக் கடையில பேசுற சிங்களமும் அப்படித்தானே இருக்கும்! முதலாளி சிரிப்பாரு. சிரிச்சிட்டுச் சாமானக் கட்டிக் குடுப்பாரு" என்றார்.

நேயர்களே, அந்தச் சொல் என் செருக்கை அடக்கிற்று. உபாலியைக் கண்டு அப்பா சிரித்தபோது, பிறன் ஒருவனின் குறையைக் கண்டு சிரிக்கிறார் என்று எண்ணியிருந்தேன். அவரோ தம்மையே அங்கே கண்டு சிரித்திருக்கிறார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, நகையை அவற்றுள் முதலில் வைக்கிறார். நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறுகிறார். உரையாசிரியர் இளம்பூரணர் அவ்விடத்தில் செயிற்றியனார் கூற்று ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். நகை தோன்றும் இடங்களை வரிசையாகச் சொல்லும் அக்கூற்றில் ஆரியர் பேசும் தமிழும் ஒன்று; குழந்தையின் மழலையும் ஒன்று. வேற்று மொழியாளர் வாயில் நம் மொழி திரிந்து ஒலிக்கும்போது சிரிப்பு வருவது தமிழர் பன்னெடுங் காலமாக அறிந்த ஒன்று என்பது இதனால் விளங்கும். ஆயின் அந்தச் சிரிப்பு எள்ளலாகவும் இருக்கலாம், மழலை கேட்ட மகிழ்ச்சியாகவும் இருக்கலாம். 'கோமாளிகள்' எழுப்பிய நகையை எள்ளல் என்று கணக்கெழுதியதே எங்கள் பிழை.

இன்னொன்றையும் நான் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். முஸ்லிம் மரிக்காராகப் பேசியவர் ராமதாஸ். பிராமண ஐயராகப் பேசியவர் அப்துல் ஹமீத். சிங்கள உபாலியாகப் பேசியவர் செல்வசேகரன். ஒருவருடைய பேச்சை மற்றொருவர் தம் நாவில் எடுத்து, அதன் ஏற்ற இறக்கம் பிசகாமல் பேசிக்காட்டினார்கள். உற்றுக் கேளாதவனால் அப்படிப் பேசமுடியாது. உற்றுக் கேட்பதற்கு முதலில் அன்பு வேண்டும்.

எங்கள் லயத்தில் அந்த வேனில் வந்தவர்களுள் ஒரு குடும்பம், 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அடுத்த சில மாதங்களில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிற்று. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அங்கிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. இலங்கை வானொலி இங்கும் தெளிவாகக் கேட்கிறது, ஆனால் மரிக்கார் பேசுவதைக் கேட்டு நாங்கள் சிரித்தால் அயலவருக்கு ஏன் சிரிக்கிறோம் என்று விளங்கவில்லை, எங்களைச் சிலோன்காரர் என்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். இந்தியர் என்று சொல்லி இங்கிருந்து அனுப்பப்பட்டவர்கள், தாங்கள் எந்நாட்டார் என்பதை அந்தச் சிரிப்பினால் அறிந்துகொண்டார்கள்.

படம் வந்த மறு ஆண்டு 1977. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்து வன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டங்களையும் வந்து தாக்கின. லயங்களை விட்டுக் காட்டுக்குள் ஓடியவர்கள் பலர். எங்கள் வீட்டாரை, அப்பா வழக்கமாகச் சாமான் வாங்கும் அந்தச் சிங்கள முதலாளி தம் கடையின் பின்னறையில் இரண்டு இரவு வைத்திருந்தார். நானும் அங்கிருந்தேன். குழந்தைகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அப்பா தமக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டார். வழக்கம்போல் எல்லாச் சொல்லும் தலைகீழாகவே வந்தது. முதலாளி சிரிக்கவில்லை. "ஹா, ஹா" என்று மெல்லச் சொல்லிவிட்டு எழுந்து போனார். சிங்களத்தில் அது சரி, சரி என்பதற்குச் சொல்லும் சொல். அப்பாவின் சிங்களத்தைக் கேட்டு அவர் சிரியாமல் இருந்ததை அன்றுதான் கண்டேன். வெளியே கேட்ட கூச்சலைக் காட்டிலும் அதுவே எனக்கு மிகுந்த அச்சத்தைத் தந்தது.

ஒரு மாதம் கழிந்தது. அப்பா அரிசி வாங்கப் போனார். வாய் திறந்து கேட்டார். முதலாளி சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்த அப்பா, "இப்பத்தான் ஊரு சரியாச்சு" என்றார்.

ஊர் முற்றும் சரியாகிவிடவில்லை. 1981ஆம் ஆண்டிலும் அந்தப் பகுதித் தோட்டங்கள் துன்பம் கண்டன; 1983ஆம் ஆண்டைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு நகைச்சுவைப் படம் இவற்றைத் தடுத்துவிடும் என்று சொல்லுமளவுக்கு நான் பேதையல்லன். ஆனால் ஒருவர் மொழியை ஒருவர் தட்டுத்தடுமாறிப் பேசி, கேட்டவர் சிரித்து, பேசியவரும் உடன் சிரிக்கும் நிலை ஒரு நாட்டில் இருந்தால் அங்கே இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்பதை அப்பா எனக்குக் கற்றுத் தந்தார். அந்த நிலையைத்தான் நான்கு கோமாளிகள் திரையில் செய்து காட்டினார்கள். தவறாக விளங்கிக்கொண்டு நாழிகைக்கு ஒரு சண்டை போட்ட அந்த நால்வரும், மறுவாரம் வானொலியில் மறுபடியும் ஓரிடத்தில் கூடிவிடுவார்கள்.

ராமதாஸ் 1978ஆம் ஆண்டில் 'ஏமாளிகள்' என்று இன்னொரு படத்தையும் தந்தார். 2016ஆம் ஆண்டில் அவர் சென்னையில் காலமானார். செல்வசேகரன் அவருக்கு முன்னரே மறைந்தார். அப்பாவும் இல்லை, அந்த முதலாளியும் இல்லை. நல்ல படம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், இன்றும் 'கம்பெரலிய'வைத்தான் சொல்வேன். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மனம் சோர்ந்த பொழுதில் என் நினைவில் ஓடும் படம் அதுவன்று. இரத்தினபுரிக் கொட்டகையின் இருளில் ஒரு குரல் கேட்கிறது. கிழவி ஒருவர் எழுந்து நிற்கிறார். எனக்குப் பக்கத்தில் அப்பா சிரிக்கிறார்.

றக்வானைக் கடைத்தெருவில் இன்று எங்கள் பிள்ளைகள் திருத்தமான சிங்களம் பேசுகிறார்கள். அது நன்று. கடைக்காரர்களுள் தமிழ் பேச முயல்கிறவர்களும் உண்டு. அவர்கள் பேசும்போது உபாலியின் நினைவு வந்து எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர்களும் சிரிக்கிறார்கள். சாமானைக் கட்டிக் கொடுக்கிறார்கள்.